எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்று கேட்டீர்களே

ஸ்ரீராம்புரம்,
பெங்களூர்.
வியாழக்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் ரக்ஷாவுக்கு,

அம்மா பாகீரதி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல், சண்டைக்கும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே டப்ளினில் நீயும், மாப்பிள்ளை கிரணும், உன் வயிற்றுக்குள் புரண்டுகொண்டிருக்கிற பெரிய மனுஷரும் எப்படி இருக்கிறீர்கள்? நாலாங்கிளாஸ் வரை போனவள் எழுதுகிற கடிதம் இது. காலும் கொம்பும் இடம் மாறி இருந்தால் நீயே சரி பண்ணிப் படித்துக்கொள். உன் மாமியார் கண்ணில் மட்டும் காட்டிவிடாதே. அவர்கள் டீச்சராக இருந்தவர்கள், சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார்கள்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. என் போன் பட்டன் போன். வாட்சப் உன் அப்பா போனில். நீ கூப்பிட்டால் அவர்தான் எடுக்கிறார், எடுத்த உடனே ஸ்பீக்கரில் போட்டு சத்தத்தைக் கடைசி வரை ஏற்றிவிடுகிறார். உனக்கு முதல் தடவை வாந்தி வந்ததை நீ என்னிடம் சொல்லி முடிக்கும் முன்னே கீழ் வீட்டு உஷா நாரத்தங்காய் ஊறுகாயோடு மேலே வந்து நின்றாள். இனி நீ என்ன ரகசியம் சொன்னாலும் இந்தச் சந்துக்கே சொன்ன மாதிரி. அதனால்தான் கடிதம். மாப்பிள்ளையின் சிநேகிதர் ரகுவின் வீட்டுக்காரி வைஷ்ணவி சனிக்கிழமை விமானம் ஏறுகிறாளாம். பருப்புப் பொடி, நாரத்தங்காய், வேப்பம்பூ எல்லாம் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பொடிப் பைக்கு அடியில் இந்தக் காகிதத்தை வைக்கிறேன். மிளகு வாசம் அடித்தால் தும்மிவிட்டுப் படி.

நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டீர்கள். அப்பாவின் அறுபதுக்கு நல்ல ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்று வாங்கித் தர வேண்டும், எது வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள் அத்தை என்றார் மாப்பிள்ளை. பிரசவத்துக்கு எப்போது வருகிறாய், ஏன் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று நீ கோபித்துக்கொண்டாய். கடைசியாகப் பேசினபோது, உனக்கு என்னை விட அப்பாவோட கச்சேரிதான் முக்கியமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். ஸ்பீக்கரில்தான் கேட்டாய். உஷா அன்றைக்கு ஊறுகாய் கொண்டு வரவில்லை.

உங்கள் இரண்டு கேள்வியும் ஒரே முடிச்சு, கண்ணு. முதலில் பெட்டி விஷயத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் மாமியார் ஒருமுறை உங்கள் வீட்டுக்காரர் என்ன வாசிக்கிறார் என்று கேட்டார்கள் அல்லவா. நான் சொன்னேன்: அது கிடார்தான், ஆனால் மடியில் வைக்கிற கிடார் இல்லை, நாலு கால் வைத்த மேசை மாதிரி நிற்கும். வலது கை கம்பியைத் தட்டும், இடது கை இரும்புக் கட்டையைக் கம்பி மேல் தள்ளும். ஒரு கால் பெடலை மிதிக்கும், இன்னொரு கால் சத்தத்தை ஏற்றி இறக்கும், நடுவில் முழங்கால்கள் கீழே தொங்குகிற கம்பிகளை இடிக்கும். உட்கார்ந்துவிட்டால் மூக்கு அரித்தாலும் சொரிய முடியாது, பெடல் ஸ்டீல் என்று பேர். அதற்கு அவர்கள், பாவம், யார் அவரை அதில் மாட்டிவிட்டது என்று கேட்டார்கள். நல்ல மனுஷி.

அப்பாவுக்கு இப்போது இருக்கிற கறுப்புப் பெட்டி செத்துவிட்டது என்று ஒரே பேஜார். சனிக்கிழமை சனிக்கிழமை கிளப்பில் வாசித்துவிட்டு வந்தால் அதே பாட்டு. வால்யூம் பெடலை அடி வரை மிதிக்கிறேன், சத்தம் மூக்கால் வருகிறது, மேல் கம்பி மூன்றும் ஊமையாகிவிட்டது என்பார். அதற்காக ஆம்ப்ரோஸ் அண்ணன் ஒரு ஏற்பாடு பண்ணினார். அண்ணன்தான் இவர்கள் குழுவுக்குத் தலைவர், பேஸ் கிடார், உனக்குத் தெரியும். ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டுக் கார் ஷெட்டில் மூன்று பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாணி, உட்கார்ந்து வாசி, எது உனக்குப் பிடிக்குதோ அதை உன் மருமகனுக்குச் சொல்லு என்றார் அப்பாவிடம். குழுவில் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆம்ப்ரோஸ் அண்ணி கேக்கும் காரக் கடலையும் வைத்தார்கள். பெண் பார்க்கப் போன மாதிரி இருந்தது. நான் ஒவ்வொரு பெட்டியிடமும் போய் நடந்து காட்டு, பாடிக் காட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கறுப்புப் பெட்டி முதலில். பழகின பெட்டி. பெரிய ஸ்பீக்கர், சத்தம் சுத்தமாக வரும், எவ்வளவு ஏற்றினாலும் கரகரக்காது. ஸ்டீலுக்கு அதுதான் வேண்டுமாம், மற்ற கிடாருக்கு மாதிரி கிழிந்த சத்தம் ஆகாதாம். கனம், நானும் உன் அப்பாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தால் நம் மாடிப்படி வளைவில் ஒரு பேச்சு வார்த்தை வைத்துக்கொண்டு ஏற்றிவிடலாம்.

இரண்டாவது வால்வுப் பெட்டி. ஆம்ப்ரோஸ் அண்ணனின் பெரியப்பா காலத்தது. உள்ளே பல்பு பல்பாக எரிகிறது. சத்தம் தேன் மாதிரி, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பின்பக்கம் தோசைக்கல். கனம் என்றால் பீரோ கனம். இதை நம் வீட்டுக்கு ஏற்ற வேண்டுமென்றால் ஒன்று படியை இடிக்க வேண்டும், இல்லை என்னை.

மூன்றாவது குட்டிப் பெட்டி, மாப்பிள்ளை படம் அனுப்பினாரே அந்த ஜாதி. காய்கறிப் பை மாதிரி ஒரு கையில் தூக்கிவிடலாம். திருகு எல்லாம் போனிலேயே திருப்பலாம் என்றார்கள். நான் சட்டென்று, அந்தப் போன் எவ்வளவு தூரம் எட்டும், அயர்லாந்து வரைக்கும் எட்டுமா என்று கேட்டேன். ஷெட்டே சிரித்தது. மேடையைத் தாண்டாது சிஸ்டர் என்றார் ஆம்ப்ரோஸ் அண்ணன். நான் அதைச் சிரிப்புக்குக் கேட்கவில்லை, ரக்ஷா. ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன்.

குட்டிப் பெட்டியில் ஒயரை மாட்டினார்கள். உன் அப்பா மேல் கம்பியில் ஒரு இழை இழுத்தார். கண்ணாடி டம்ளரை ஸ்பூனால் தட்டின மாதிரி ஷெட் முழுக்க ஓடியது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. அவர் கையை எடுத்துவிட்டு ஆம்ப்ரோஸ் அண்ணனைப் பார்த்து, முதலில் இதை ஆன் பண்ணுடா என்றார்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாணி அந்தப் பெட்டியை எப்படி மட்டம் தட்டுகிறான் பார் என்று டிரம்ஸ்காரர் தொடையில் தட்டினார். நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். ஏனென்றால் அவர் முகத்தை நான் பார்த்துவிட்டேன். அவர் கேலி பண்ணவில்லை. எல்லாரும் சிரித்த பிறகுதான் அவரும் சிரித்தார்.

பிறகு வால்வுப் பெட்டிக்கு வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டுக் கெண்டைக்காலைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பெட்டி அதிர்வது காலில் ஏறும் அல்லவா. இதுதான் பாடுது, இதுதான் எனக்கு என்றார். காலால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என் ராஜா.

அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். சந்தேகம் முன்னமே இருந்தது. பீன்யா ஃபேக்டரியில் அத்தனை வருஷம் பிரஸ் மிஷின் பக்கத்தில் நின்றவர். தகடு வெட்டுகிற சத்தத்தில் மத்தியானச் சாப்பாட்டு மணியே கேட்காது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். முன்பெல்லாம் அவர் வாசிக்கும்போது கண் மூடியிருக்கும், நீ சின்னப் பிள்ளையில் அப்பா தூங்கிட்டே வாசிக்கிறார் என்று சொல்வாய். இப்போது கண்ணைக் கம்பிக்கு அடியில் இருக்கிற பலகையை விட்டு எடுப்பதே இல்லை. பலகையில் கோடு போட்டிருக்கிறது, இரும்புக் கட்டையைக் கோட்டுக்கு நேராக வைத்தால் ஏறக்குறைய சுருதி நிற்கும். ஏறக்குறையதான். மிச்சத்தைக் காதுதான் சரி பண்ண வேண்டும். அவர் இப்போது கோட்டை மட்டும் நம்பி வாசிக்கிறார்.

இனி நான் என்ன பண்ணுகிறேன் என்று கேள். சிரிக்காதே. போன ஆடிக்கு முன்னாலிருந்து சனிக்கிழமை தவறாமல் நானும் கிளப்புக்குப் போகிறேன். ஒயரைப் பார்த்துக்கொள்கிறேன், யாராவது தடுக்கி விழுவார்கள் என்று சொல்லி மேடையில் பெட்டி பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அவருக்குக் கேட்பதில்லை என்று பெடலை அடி வரை மிதிப்பார். முன் வரிசையில் பிராந்தி குடிக்கிறவர்கள் காதைப் பொத்துவார்கள். ஸ்வல்ப கம்மி மாடி சார், கொஞ்சம் குறையுங்கள் என்று வெயிட்டர் வந்து கெஞ்சுவான். அதனால் முந்தானையைப் பெட்டி மேல் போடுகிற மாதிரி போட்டு, கீழே கை விட்டு, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். கட்டை கோட்டை விட்டு விலகி சுருதி பிசகும்போது இன்னும் குறைப்பேன். தப்பு வெளியே போகாது. சரியாக நின்றதும் ஏற்றிவிடுவேன். பாட்டு முழுக்க இதே வேலை. ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்க முடியாது. அவர் மேசைக் கிடாரில் மாட்டியிருக்கிறார், நான் பெட்டியில் மாட்டியிருக்கிறேன். புருஷன் பெண்டாட்டி பொருத்தம் பார்த்துக்கொள்.

நான் குறைக்கக் குறைக்க அவருக்குப் பெட்டி செத்துக்கொண்டே வருகிறது. அதனால்தான் புதுப் பெட்டி கேட்கிறார். அவருடைய கறுப்புப் பெட்டிக்கு ஒரு நோயும் இல்லை, கண்ணு. நோய் நான்தான். நீங்கள் நல்ல பெட்டி வாங்கித் தந்தால் அதையும் நான்தான் சாகடிக்க வேண்டும். இப்போது தெரிகிறதா, கார் ஷெட்டில் நான் மூன்று பெட்டியிலும் எதைப் பார்த்தேன் என்று? எல்லாரும் சத்தத்தைப் பார்த்தார்கள். நான் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது, கை எட்டுமா என்று பார்த்தேன். போன் அயர்லாந்து வரைக்கும் எட்டுமா என்று கேட்டதும் அதற்குத்தான்.

நடுவில் ஒரு சனிக்கிழமை நான் போகவில்லை. உஷாவின் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீர், கூப்பிட்டு அழுதாள், போய்விட்டேன். மறுநாள் காலையில் ஆம்ப்ரோஸ் அண்ணன் வந்தார். உன் அப்பா பால் வாங்கப் போயிருந்தார். அண்ணன் உட்காரவே இல்லை. நாணிக்கு என்ன ஆச்சு சிஸ்டர், ஒரு வாரம் சொர்க்கம் மாதிரி வாசிக்கிறான், இந்த வாரம் பக்கத்தில் இருந்த எனக்கே பல் கூசிவிட்டது, கிளப் செக்ரட்டரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார் என்றார். கிறிஸ்துமஸ் சீசன் முடிந்ததும் புது வருஷத்துக்கு யார் யார் என்று கிளப்பில் பேசி முடிப்பார்களாம். ஒரு கீபோர்டுக்காரர் தயாராக நிற்கிறார், அவர் பட்டனை அமுக்கினால் ஸ்டீல் சத்தமும் வருமாம். நான் போராடி வைத்திருக்கிறேன், ஆனால் இன்னொரு ராத்திரி இப்படி ஆனால் என் வாயால் நாணியை எழுந்திரு என்று சொல்ல வேண்டி வரும், அதை என்னால் சொல்ல முடியுமா சிஸ்டர் என்றார். பெரிய உடம்பு, சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். அவருக்கு ஜலதோஷம் அண்ணா, காது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

இதுதான் கச்சேரி, ரக்ஷா. இதைத்தான் உன்னை விட முக்கியமா என்று கேட்டாய். உன் முதல் பிரசவத்துக்கு உன் தலைமாட்டில் இல்லாமல் நான் வேறு எங்கே இருக்க ஆசைப்படுவேன்? ஆனால் நான் விமானம் ஏறின முதல் சனிக்கிழமையே அவர் அத்தனை பேருக்கு முன்னால் அவமானப்பட்டு எழுந்து வருவார். அந்த மேசைக் கிடாரிலிருந்து எழுந்திருக்கவே ரொம்ப நேரம் ஆகும், முழங்காலை விடுவிக்க வேண்டும், ஒயரைப் பிடுங்க வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

காது டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிப் பார்த்தாயா என்று கேட்பாய். சொன்னேன். நீ பேசுவதைக் கேட்காமல் இருக்க இத்தனை வருஷம் பிரார்த்தனை பண்ணினேன், இப்போதுதான் பலித்திருக்கிறது, கெடுக்காதே என்றார். நானும் சிரித்துவிட்டேன். நம் வீட்டில் அதுதான் கஷ்டம். எதை எடுத்தாலும் கேலியில் போய் முடிகிறது. ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வாய் வருவதில்லை, இரண்டு பேருக்கும்.

ஆனால் போன சனிக்கிழமை ஒன்று நடந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது. எப்போதும் நான்தான் கிளப் சமையற்கட்டுப் பக்கம் போய் எனக்கு நாற்காலி தேடி எடுத்து வருவேன். அன்றைக்கு நான் மேடைக்கு வந்து பார்த்தால் நாற்காலி ஏற்கெனவே போட்டிருக்கிறது. அதுவும் எப்படி, பெட்டியின் திருகு பக்கமாகத் திருப்பி, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். மேலே உட்கார அவருடைய ஸ்வெட்டரை மடித்து வைத்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து கம்பிக்கு சுருதி சேர்க்கிற மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அவருக்குத் தெரியும், ரக்ஷா. எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கறுப்புப் பெட்டி செத்துவிட்டது என்று என்னிடம் திட்டுகிறார், நான் ஆமாம் செத்துவிட்டது என்கிறேன், இரண்டு பேரும் படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவர் சொல்ல மாட்டார், நான் கேட்க மாட்டேன்.

அதனால் ஒன்று செய். மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல். பெட்டி எதையும் வாங்க வேண்டாம். அவர் உன் அப்பாவுக்குப் போன் பண்ணட்டும், ஸ்பீக்கரில் போடட்டும், ஊரே கேட்கட்டும். மாமா, படத்தைப் பார்த்து இதெல்லாம் வாங்க முடியாது, நீங்களே இங்கே வந்து உட்கார்ந்து வாசித்துப் பார்த்து உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லட்டும். எனக்காக என்று சொன்னால் வர மாட்டார். உனக்காக என்றாலும் பிரசவத்தில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்பார். பெட்டிக்காக என்றால் வருவார். விசாவுக்கு இரண்டு பேருக்கும் மாப்பிள்ளை அனுப்பின காகிதம் பீரோ மேலேயே இருக்கிறது, அவருடையதைத் தினமும் தூசு தட்டி வைக்கிறார்.

நீ பேசும்போது ஒன்று மட்டும் சொல். அம்மாவை அனுப்பு என்று சொல்லாதே. நீங்க வாங்கப்பா, எனக்கு பயமா இருக்கு என்று சொல். பயமாக இல்லாவிட்டாலும் சொல். கிறிஸ்துமஸ் சீசன் ஆரம்பிக்கும் முன்னே அவர் ஆம்ப்ரோஸ் அண்ணனிடம் போய், என் பொண்ணு கூப்பிட்டாடா, நான் போயே ஆகணும், என் இடத்தில் அந்தக் கீபோர்டுக்காரனை உட்கார வை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அண்ணன் கட்டிப்பிடித்து வழி அனுப்ப வேண்டும். அவர் தானாக எழுந்து வந்ததாக இருக்க வேண்டும். அதற்கு மேல் அங்கே வந்த பிறகு, காதுக்கு ஒரு டாக்டர் இருக்கிறார் வாங்க மாமா என்று மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போகட்டும். மாப்பிள்ளையிடம் அவரால் கேலி பண்ண முடியாது, மரியாதை தடுக்கும்.

நான் எப்படியும் கூடத்தான் வருவேன். அந்த ஆளுக்கு விமானத்தில் பெல்ட் போட யார் சொல்லித் தருவது?

வைஷ்ணவி குரல் கீழே கேட்கிறது, பையை வாங்க வந்துவிட்டாள். உன் அப்பா வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவள் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. நான்தான் போக வேண்டும்.

சத்து மாத்திரை மறக்காதே. குளிரில் காதை மூடிக்கொள். உனக்கு ஒரு குறையும் இல்லாமல் சுகமாகப் பிரசவம் ஆகட்டும். ஆணோ பெண்ணோ, நம் குழந்தை நல்ல சத்தமாக அழுகிற குழந்தையாகப் பிறக்கட்டும். ஆஸ்பத்திரியே அதிர்கிற மாதிரி அழட்டும் என்று தினமும் விளக்கு வைத்து வேண்டிக்கொண்டிருக்கும்,

உன் அம்மா
பாகீரதி